வசந்தி வீட்டுக் கதிரைகள்

தம்பிக்கு,

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வசந்தி வீட்டு முன் விறாந்தையில் இருந்தவர்கள் இவர்கள்: நீ. உன்னோடு லண்டனிலிருந்து வந்த ஷாமினிப் பிள்ளை. கோபிகாவின் வகுப்பு ரீச்சர். வசந்தி. அவளுடைய மூத்தவள் கோபிகா. இளையவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. பிறகு நான். உள்ளறையில் சீலைத் திரைக்குப் பின்னால் வசந்தியின் புருஷன் தவம் படுத்துக் கிடந்தான். அவனை நீங்கள் இரண்டு பேரும் காணவில்லை. எல்லாமாக எட்டுப் பேர். உன்னுடைய படிவத்தில் தகப்பன் வேலைக்குப் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறது. நீ எழுதும்போது அவன் உனக்கு ஆறு அடி தள்ளி, இருமல் வந்துவிடக் கூடாதென்று வாயில் துவாயை வைத்துக்கொண்டு கிடந்தான்.

இதை உனக்கு வாயால் சொல்லத்தான் பார்த்தேன். நான் கதைக்க வெளிக்கிட்டால் நீ “பேந்து அம்மா” என்பாய். நின்ற பதினாலு நாளும் பேந்துதான், பிறகு பிறகு என்றுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வந்து படலையில் நிற்கும்போதும், போனில் ஆறுதலாகக் கதைப்போம் என்றாய். போனில் எடுத்தால் ரயிலில் நிற்கிறேன், வேலையில் நிற்கிறேன் என்கிறாய். போன ஞாயிறு எடுத்தபோது பேச்சைத் தொடக்க முதலே, “அம்மா, உந்தத் தெரிவுக் கதையை விடுங்கோ, புள்ளி போட்டு முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை ஒருத்தரும் இடையில் மறிக்க ஏலாது. எழுதி முடித்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒரே மூச்சில் வாசி. தேத்தண்ணி ஆறினாலும் பறவாயில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வந்த காரியத்தில் எனக்குக் குறை இல்லை. உயர்தரம் படிக்கப்போகிற பெண்பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, இரண்டு வருஷம் படிப்புச் செலவைப் பொறுப்பெடுக்கிறது என்று லண்டனில் இருக்கிற உங்கள் உதவிச் சபை முடிவெடுத்து, அதற்கு நீ சொந்த லீவில், சொந்தக் காசில் பிளேன் ரிக்கற் எடுத்து வந்தாய். சம்பளம் இல்லாத வேலை. அறிந்த நாள்தொட்டு பிள்ளையாருக்கு உன் பெயரில் அருச்சனை செய்துகொண்டிருக்கிறேன். பத்து நாள் வெயிலில் சண்டிலிப்பாயிலிருந்து கரவெட்டி வரைக்கும் ஓட்டோவில் அலைந்து கறுத்துப்போனாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நல்ல மனத்தோடு செய்கிற பிழையும் பிழைதான், தம்பி. ஒரு பிள்ளையின் படிப்பில் செய்தால் அது பெரிய பிழை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வசந்தி வீட்டில் நீ இருந்தது உன் ஐயாவின் பிரம்புக் கதிரை. இடது கைப்பிடியின் அடியில் நீ ஏழாம் வகுப்பில் கவராயத்தால் கிண்டின எழுத்து இன்னும் இருக்கிறது. அதற்காக ஐயாவிடம் அடியும் வாங்கினாய். நீ அந்தக் கைப்பிடியில்தான் கையை வைத்துக்கொண்டு படிவம் நிரப்பினாய். ஷாமினி இருந்ததும், ரீச்சர் இருந்ததும் எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகள். சோடா ஊற்றித் தந்த கிளாசுகள் உன் அக்காவின் கலியாணத்துக்கு வாங்கினவை. மேசை விரிப்பு நான் பின்னினது. சுழன்றுகொண்டிருந்த ஃபான் எங்கள் அறையில் நிற்கிறது. அன்றைக்கு மத்தியானம் “ஃபான் எங்கை அம்மா, வேர்க்குது” என்று நீயே கேட்டாய். திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். கோபிகாவின் காதில் கிடந்த தோடு மாத்திரம் என்னுடையதில்லை. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது.

எல்லாவற்றையும் அன்று காலமை, நீ வெளியில் போயிருந்த நேரம், நானும் வசந்தியும் இரண்டு பிள்ளைகளுமாகச் சுமந்தோம். முதல் நாள் நான்தான் அவளிடம் போய், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வீட்டைக் கொஞ்சம் ஒழுங்காக வை என்று சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போய், “எங்கை அக்கா இருத்துறது? பாய்தான் கிடக்கு” என்றாள். நான் கதிரை தருகிறேன் என்றேன். சீமெந்து வெடித்த இடத்தை மறைக்க ஐயாவின் கதிரையை அதன் மேலே வைத்ததும் நான்தான். தவத்தை உள்ளே கிடத்தினது வசந்தியின் யோசனை. சாரத்தோடு எழும்ப ஏலாமல் கிடக்கிற மனுஷனை, அந்நிய ஆட்களுக்கு முன்னால் காட்டுகிறதா என்று அழுதாள். அவன் கட்டட வேலையில் உயரத்துப் பலகைத் தட்டிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருஷம். அவள் வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கப் போய்த்தான் அடுப்பெரிகிறது.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். வசந்தியின் மானத்துக்காக என்று எழுதினால் வடிவாக இருக்கும். ஆனால் விளக்கேற்றிப்போட்டு இருந்து எழுதுகிறேன், பொய் எழுதக் கூடாது. உனக்காகச் செய்தேன். லண்டனிலிருந்து வந்த என் பிள்ளை, ஊர் பார்க்க ஓட்டோவில் போய் இறங்கும்போது, பாயில் குந்தக் கூடாது. கூட வந்த ஷாமினி, உங்கள் ஊர்ச்சனம் இப்படியா என்று மனத்தில் நினைக்கக் கூடாது. அவ்வளவுதான். என்னுடைய பெருமைக்கு வசந்தியின் வீட்டைச் சோடித்தேன்.

இதில் என்ன விசேஷம் என்றால், இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை படித்தவள். நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தபோது நீ கைக்குழந்தை. நிவாரணத்துக்குப் பெயர் பதிய உன் ஐயா போனார். போக முதல், பக்கத்துக் குடும்பத்தின் கரி போடுகிற ஸ்திரிக்கைப் பெட்டியை இரவல் வாங்கி, இருந்த ஒரே வெள்ளைச் சேட்டை ஸ்திரிக்கை போட்டு, தலை இழுத்து, திருநீறு பூசிக்கொண்டு போனார். பதிந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஐயா கொஞ்சம் பொறுக்கலாம்தானே, இல்லாததுகளுக்கு முதலில் கொடுப்பம் என்றாராம். ஐயாவும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று கிழமை எங்களுக்கு அரிசி இல்லை. பிறகு நான் கிழிந்த சீலையோடு, எண்ணெய் வைக்காத தலையோடு, உன்னைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே நின்று அழுதேன். அன்றைக்கே தந்தார்கள். ஐயா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அழுத எனக்குக் கிடைத்தது, அழத் தெரியாத அவருக்குக் கிடைக்கவில்லை. பங்கு போட்டவர் கெட்ட மனுஷன் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் போட்டார். இதை இவ்வளவு காலமும் மனத்தில் வைத்திருந்தும், கதிரையைத் தூக்கிக்கொண்டு வசந்தி வீட்டுக்கு நடந்தேனே, எனக்கு என்ன புத்தி.

உன் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் வந்து இருந்தவுடன் ரீச்சர் வாய் திறந்தா. நீ மரியாதையாகத்தான் சொன்னாய், இடையில் ஒருத்தரும் பிள்ளைக்காகக் கதைக்கக் கூடாது, அது சபையின் முறை என்று. அந்த வீட்டின் நிலை தெரிந்த ஒரே உத்தியோக ஆள் அந்த மனுஷி. அவவைச் சோடாக் குடிக்க வைத்துவிட்டு, பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஷாமினி கேட்டாள், உங்களுக்கு என்ன கஷ்டம் இருக்கிறது என்று. அவள் பாவம், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழைத் தேடித் தேடிக் கதைக்கிறாள், நல்ல மனம். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் வளவுகளில் ஒரு பெண்பிள்ளையிடம் முகத்துக்கு நேரே கேட்டால் என்ன மறுமொழி வரும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் குறையை வெளியில் சொல்லாதே என்றுதானே முலைப்பாலோடு பருக்குகிறோம்.

“ஒரு கஷ்டமும் இல்லை, அக்கா,” என்றாள் கோபிகா.

நீ நிமிர்ந்து பார்த்தாய். அப்படியென்றால் உனக்கு ஏன் இந்த உதவி என்று கேட்டாய். உன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அவள் தாயைப் பார்த்தாள், பிறகு நேரே உன்னைப் பார்த்தாள்.

“கிடைச்சால் நல்லது. கிடைக்காட்டிலும் படிப்பன்.”

நான் அந்த இடத்தில் எழும்பியிருக்க வேண்டும். இது என் வீட்டுக் கதிரை, அது என் வீட்டுக் கிளாஸ், இவளின் தகப்பன் திரைக்கு அங்காலே கிடக்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வசந்தி அந்த நிலத்திலேயே செத்துப்போவாள் என்று பயந்தேன். விசுக்கோத்துத் தட்டத்தை எடுத்து நீட்டினேன். நீ ஒன்று எடுத்தாய்.

அதே நாள், வசந்தி வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவின் முடிவில் இருக்கிற வீட்டுக்கும் போனீர்கள். பூசாத கல், ஜன்னலுக்குக் கதவு இல்லை, இருக்க ஒரு கதிரை இல்லை, சீமெந்து மூட்டையில் இருந்தீர்கள். அந்தப் பிள்ளை அழுதது, ஷாமினியும் அழுதாள், நீ மூக்கைத் துடைத்தாய். தம்பி, அந்த வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறார்கள். சித்தப்பன் சுவிசிலிருந்து கட்டுவிக்கிறான். கதிரை மேசை எல்லாம் தூசி படாமல் பின் கொட்டிலில் கட்டி வைத்திருக்கிறது. படிக்கட்டு உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, நீ திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் சோதினைப் பயம், அதற்கும் அழுகை வரும். ஆனால் அதற்குத் தந்த புள்ளியையும் கோபிகாவுக்குத் தந்த புள்ளியையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பார்க்க வைத்தது நீதான். அம்மாவின் கையெழுத்து அச்சுப் போல என்று ஷாமினியிடம் புளுகி, பாடசாலைப் பலகையில் ஒட்டுகிற பட்டியலைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாய். எட்டாம் வகுப்போடு நின்றவள். நீயும் அக்காவும் படித்த புத்தகங்களைக் குசினியில் வைத்து எழுத்துக் கூட்டி இங்கிலீசு வாசிக்கப் பழகினவள். உனக்கு அது நினைவில்லைப் போல, இங்கிலீசில் நிரப்பின படிவங்களை என் முன்னாலேயே விரித்துவிட்டுக் குளிக்கப் போனாய். கோபிகாவின் படிவத்தில் வீட்டு நிலை என்ற இடத்தில், வசதியான குடும்பம், நல்ல தளபாடம், மின்விசிறி உண்டு, தன்னம்பிக்கை உள்ள பிள்ளை, உதவியில்லாமலே சமாளிப்பாள் என்று உன் கையால் எழுதியிருந்தது. என் கதிரைக்கு நீ புள்ளி போட்டு, அவளின் புள்ளியைக் குறைத்திருக்கிறாய். கணிதத்தில் பாடசாலைக்கே முதல் வந்த பிள்ளை பதின்மூன்றாவது ஆளாகப் போனாள். பன்னிரண்டு பெயரையும் நான் பிழையில்லாமல் எழுதினேன். வீட்டுச் செலவுக்கணக்கு எழுதுகிற கை, தடக்காது. எழுதி முடித்துவிட்டு, நீ குளித்து வந்தவுடன், “தம்பி, வசந்தியின்ரை பிள்ளையின்ரை விஷயம்...” என்று தொடங்கினேன்.

“அம்மா, நீங்கள் ஆக்களுக்காகக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்குத்தான் மரியாதை இல்லை. சிபாரிசுக்கு இடமில்லாமல் இருக்கத்தானே இவ்வளவு தூரம் நாங்களே நேரை வந்தனாங்கள்,” என்றாய்.

அதில் நியாயம் இருக்கிறது. சிபாரிசால் இந்தத் தீவு கெட்ட கேடு எனக்குத் தெரியும். ஆனால் நீ கண்ணை மாத்திரம் நம்பினாய். கண்ணுக்குச் சோடித்துக் காட்டலாம். உறவுக்காரர், பக்கத்து வீட்டார், தாய் தகப்பன் எல்லோரும் பொய் சொல்லக்கூடும் என்று பயந்த நீ, கதிரையும் பொய் சொல்லும் என்று யோசிக்கவில்லை. சொல்லாமல் திடுமெனப் போய்ப் பார்க்கலாமோ என்று நீ நினைப்பாய். அதுவும் சரியில்லை. அடுப்படிக்குள் இருக்கிற மனுஷியை அள்ளிக் கட்ட நேரம் கொடுக்காமல் போய்ப் பிடிக்கிறது பொலிஸ் வேலை. பள்ளிக்கூடத்தில் போய் இரு. எத்தனை நாள் வெறும் வயிற்றோடு வந்தாள், ரியூசனுக்கு ஏன் போகவில்லை, யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று ரீச்சரைத் தனியே கேள். ஒரு ரீச்சரை நம்பாவிட்டால் மூன்று பேரைக் கேள். பிள்ளையிடம் அவளின் பாடத்தைக் கேள். கஷ்டத்தைக் கேட்காதே.

இன்னொன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது, அதையும் இதிலேயே இறக்கிவிடுகிறேன். பாடசாலை மண்டபத்தில் நீ பேசினாய். என்னுடைய அக்கா கெட்டிக்காரி, வீட்டில் வசதி இல்லாததால் பல்கலைக்கழகம் போகாமல் நின்றவ, அதனால்தான் பெண்பிள்ளைகளுக்கு இதைச் செய்கிறேன் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வசதி இருந்தது, தம்பி. ஐயா தோட்டத்தில் ஒரு துண்டை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார். அக்காவுக்கு இடம் கிடைத்தது மட்டக்களப்பில். குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் தனிய விட ஏலாது என்று மறித்தது நான். மூன்று நாள் சாப்பிடாமல் படுத்தேன், அவள் விட்டுக்கொடுத்தாள். இன்றைக்குக் கரவெட்டியில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். என்னை ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாது. நீ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டாய். உன் சொந்த வீட்டிலேயே ஒரு பெண்பிள்ளை ஏன் படிப்பை விட்டாள் என்று விசாரிக்காமல், ஊரில் விசாரிக்க வந்தாய். உனக்கு மறைத்தது நான்தான், ஓம். ஆனாலும் கோபம் வருகிறது.

பட்டியல் ஒட்டின அன்று பின்னேரம் கோபிகா படலைக்கு வந்தாள். நீ அப்போது கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். உள்ளே வா என்றும் வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

“மாமி, நான் அண்டைக்கு என்ன பிழையாச் சொன்னனான்? இங்கிலீசிலை சொல்லியிருக்க வேணுமோ?”

நீ ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லைப் பிள்ளை என்றேன். பிறகு ஏன் மாமி என்றாள். மற்றவர்கள் அவளைவிடக் கெட்டிக்காரர் போல என்று அவளே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தேவாரம் பாடும்போது பாதியில் அடி மறந்துபோகிறது. சின்ன வயதிலிருந்து பாடுகிற பதிகம்.

போன கிழமை வசந்தி வந்து சொன்னாள், யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு புடவைக் கடையில் பிள்ளைக்கு வேலை கேட்டாயிற்றாம். வருகிற முதலாம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கணிதப் பிரிவுக்கு ரியூசன் இல்லாமல் ஏலாது, மூன்று பாடத்துக்கும் கட்ட வழியில்லை, தங்கச்சியாவது படிக்கட்டும் என்று சொன்னாளாம் கோபிகா. தாய் சொல்லவில்லை, அவளே சொன்னாளாம். கடையில் ஏறினால் அவள் திரும்பப் பள்ளிக்கூடம் வரமாட்டாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இதை எழுத அனுபவம் இருக்கிறது.

நீ உடனே என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சபை வேண்டாம், நான் தனியாகக் காசு அனுப்புகிறேன், அம்மா கொடுங்கோ என்பாய். அதை நான் கேட்டுப் பார்த்தாயிற்று. வசந்தி கும்பிட்டுவிட்டு, “அக்கா, உங்கடை கையாலை கதிரை வாங்கினதே போதும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை படித்து எடுத்த புள்ளிக்குக் கிடைக்கிற உதவி என்றால் அவள் தலை நிமிர்ந்து வாங்குவாள். எங்கள் வீட்டுக் காசு என்றால் பிச்சை. நாளைக்கு ஒழுங்கையில் என் முகம் பார்க்க மாட்டாள். ஆனபடியால் கோபிகாவின் பெயர் பட்டியலில் வரவேண்டும், வேறு வழியால் இல்லை.

நீ செய்ய வேண்டியது இது. உங்கள் சபைக்கு எழுது. அந்த வீட்டில் கண்ட கதிரை, ஃபான், கிளாஸ் எல்லாம் உன் தாய் வீட்டுச் சாமான், உன் தாய்தான் கொண்டுபோய் வைத்தவ, தகப்பன் எழும்ப ஏலாமல் படுக்கையில் என்று எழுது. வசந்தி ஏமாற்றினாள் என்று ஒரு வரியும் வரக்கூடாது. பிழை முழுக்க என் பெயரில் இருக்கட்டும். அவர்கள் என்னை என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை, நான் லண்டனுக்கு வரப்போவதில்லை. உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். தலைவர்மாருக்கு முன்னால் உன் தெரிவு பிழைத்துப்போனது என்று சொல்ல வேண்டும். சொல்லு. மற்றப் பன்னிரண்டு பேரிலும் ஒருத்தரின் பெயரையும் வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைப் பறிக்கக் கூடாது, மேல்மாடி வீட்டுப் பிள்ளையிடம் இருந்தும்தான். பதின்மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சபையில் இடமுண்டா என்று கேள். ரீச்சர் தன் கையெழுத்தோடு கடிதம் தர ஆயத்தமாக இருக்கிறா. தவத்தின் ஆஸ்பத்திரித் துண்டுகளை வசந்தியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கேட்க நான் பட்ட பாடு தனிக் கதை.

இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுது. அதையும் தாங்கலாம். ஆனால் “பேந்து” என்று எழுதாதே. கோபிகா இந்த ஒழுங்கையால்தான் போகிறாள், ஒவ்வொரு நாளும் படலையடியில் சைக்கிளை மெதுவாக்குகிறாள், கேட்கிறாள் இல்லை. அவளுக்கு நான் ஒரு மறுமொழி சொல்ல வேண்டும். முதலாம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்கு முதல், கெதியாகப் பதில் போடு.

அம்மா